உலாவியும் நீட்சியும் வேலை வாய்ப்பும்

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் பொன்தான் நினைவுக்கு வரும். அவ்வூரில் பிறந்த என் போன்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொன் அன்று; விடியற்காலை ரயில். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் பிறந்தபோது ஷாஃப்டுகளின் சக்கரங்கள் நின்று போயிருந்தன. ஆகவே, சங்கு ஊதியதும் சுரங்கத்திற்குச் செல்லும் கூட்டத்தை நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம், சோற்றுப் பாத்திரத்தைக் கையிலும் தூக்கத்தைக் கண்ணிலும் சுமந்துகொண்டு, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் பிழைப்புக்குச் சென்று இரவில் திரும்பும் கூட்டமே.

அந்தக் கூட்டத்தில் இன்று என் வயதினர் பலர் இருக்கின்றனர். அவர்கள் தேடிச் செல்லும் வேலைகளுள் ஒன்று இணையப் பக்கங்களை உருவாக்கும் வேலை. நானும் இயற்பியல் முதுகலை வகுப்பில் படித்துக்கொண்டே அந்த வேலைக்கு என்னைத் தயார் செய்து வருகிறேன். இவ்வேலையின் அடிப்படைக் கருவி உலாவி. உலாவி என்பது யாது, அது எவ்வாறு இயங்குகிறது, அதனோடு ஒட்டிக்கொள்ளும் நீட்சிகள் யாவை, வேலைக்கு ஆள் எடுப்போருக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்பவற்றை நம் சங்கத்து நண்பர்களுக்கு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலாவி என்பது யாது?

1990ஆம் ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் முதல் உலாவியை எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம் இடத்திலிருந்தே படிக்க வழி காண்பது அவர் நோக்கம். 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கிய ‘மொசைக்’ என்னும் உலாவி, படங்களை எழுத்துகளோடு ஒரே பக்கத்தில் காட்டியது. அதன் பிறகே இணையம் பொதுமக்களிடம் பரவியது. ஒரு விஞ்ஞான நிலையத்திலும் ஒரு பல்கலைக் கழகத்திலும் பிறந்த கருவி இது என்பது, விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

உலாவி செய்யும் வேலையை எங்கள் ஊர்ப் பழக்கத்தைக் கொண்டே விளக்கலாம். சுரங்கத்திலிருந்து மேலே வருவது பொன் அன்று, கல். அந்தக் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு நீரில் கரைத்து, படிப்படியாகப் பிரித்தெடுத்த பிறகே பொன் கிடைக்கும். அவ்வாறே இணையத்திலிருந்து உங்கள் கணினிக்கு வந்து சேர்வது அழகிய பக்கம் அன்று. வெறும் எழுத்துக் குவியல். அதைக் கண்ணுக்கு இனிய பக்கமாக்குவது உலாவியின் வேலை.

அந்த வேலை பல படிகளில் நடைபெறுகிறது. நீங்கள் ஒரு முகவரியை எழுதியவுடன், உலாவி அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கேட்டறிகிறது. எண் கிடைத்ததும், அந்த எண்ணுக்குரிய கணினியோடு பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறி இட்டுப் பேசத் தொடங்குகிறது. பக்கத்தை அனுப்புமாறு கேட்கிறது. வந்து சேர்வது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட உரை. உலாவி அதைப் படித்து, ஒரு மரத்தைப் போலக் கிளை கிளையாக அடுக்கிக்கொள்கிறது. தலைப்பு ஒரு கிளை, பத்தி ஒரு கிளை, பத்திக்குள் இருக்கும் படம் அதன் சிறு கிளை. பின்னர் சி.எஸ்.எஸ். என்னும் ஒப்பனை விதிகளைப் பார்த்து, எந்தக் கிளைக்கு என்ன நிறம், என்ன அளவு என்று முடிவு செய்கிறது. அதன் பிறகு திரையில் எது எங்கே அமையும் என்று கணக்கிடுகிறது. கடைசியில் வண்ணம் தீட்டுகிறது.

இவ்வளவோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்தோடு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதிய கட்டளைகளும் வருகின்றன. 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார். இக்கட்டளைகள் மரத்தின் கிளைகளை மாற்றலாம், புதியன சேர்க்கலாம், வெட்டலாம். மாற்றம் நிகழும்போதெல்லாம் உலாவி மீண்டும் கணக்கிட்டு மீண்டும் தீட்டுகிறது. திரை நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுமாயின், ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16 மில்லி நொடி. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் பக்கம் தடுமாறுகிறது. நாம் ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்று குறை கூறும் நேரங்களிற் பல, உண்மையில் பக்கத்தை எழுதியவர் உலாவிக்கு அளவுக்கு மீறிய சுமையை ஏற்றிய நேரங்களாகும்.

தமிழும் உலாவியும்

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு உலாவி தனியே ஒரு முயற்சி செய்கிறது. ‘கெ’ என்னும் எழுத்தைப் பாருங்கள். கணினியின் உள்ளே முதலில் ககரமும் அதன் பின் எகரக் குறியும் வைக்கப்படுகின்றன. திரையிலோ கொம்பு முன்னே நிற்க வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தில் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கிறது. இந்த முன்பின் மாற்றத்தை எழுத்து வடிவமைப்புப் பகுதி கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய இரண்டிலும் ஹார்ஃப்பஸ் என்னும் பொதுவுடைமை மென்பொருள் இப்பணியைச் செய்கிறது.

முன்னர் இந்த வசதி இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் இணைய இதழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவையும் குறியீட்டையும் கொண்டிருந்தன. ஒரு நாளிதழின் எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவருக்கு அதன் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆயினும் பழைய பக்கங்கள் பழையபடியே கிடந்தன. அப்போது கை கொடுத்தது ஒரு நீட்சி. ஃபயர்பாக்ஸ் உலாவியோடு இணையும் ‘பத்மா’ என்னும் அந்நீட்சி, பல்வேறு இந்திய மொழிகளின் பழைய குறியீட்டுப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. உலாவியை ஆக்கிய பெரிய நிறுவனங்கள் நினைத்தும் பாராத ஒரு குறையை, எங்கோ இருந்த ஆர்வலர் தீர்த்து வைத்தார். நீட்சியின் பெருமை இதுவே.

மூன்றே எந்திரங்கள்

கடைத்தெருவில் பல பெயர்களில் உலாவிகள் இருந்தாலும், உள்ளே இருக்கும் எந்திரங்கள் இன்று மூன்றே. குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ் முதலியவற்றில் இருப்பது பிளிங்க். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரியில் இருப்பது வெப்கிட். ஃபயர்பாக்ஸில் இருப்பது கெக்கோ. இவற்றுள் பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து கிளைத்தது. வெப்கிட் அதற்கு முன் கே.எச்.டி.எம்.எல். என்னும் பொதுவுடைமை எந்திரத்திலிருந்து கிளைத்தது. ஆக, உறவு முறையில் பார்த்தால் பிளிங்கும் வெப்கிட்டும் ஒரு குடும்பம். கெக்கோ மட்டுமே தனிக் குடும்பம்.

ஒரே எந்திரம் உலகை ஆண்டால் என்ன கேடு என்று சிலர் கேட்பர். அதற்கு வரலாறே விடை கூறும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்தினர். போட்டி இல்லாது போயிற்று. 2001இல் வந்த ஆறாம் பதிப்புக்கு அடுத்த பதிப்பு 2006இல்தான் வந்தது. ஐந்தாண்டுகள் உலகமே தேங்கி நின்றது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸும், 2008 செப்டம்பரில் குரோமும் வந்த பிறகே தேக்கம் உடைந்தது. குரோமை வளர்த்த குழுவின் தலைவராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுந்தர் பிச்சை என்பதை நண்பர்கள் அறிவர். ஆயின், தேக்கத்தை உடைத்த குரோமே இன்று பெரும்பான்மையோரின் உலாவியாகிவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2020இல் தன் எட்ஜ் உலாவியைக் குரோமியம் என்னும் அதே அடித்தளத்தின் மீது அமைத்துக்கொண்டது. 2022 ஜூனில் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓய்வு பெற்றது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. 2010இல் பெங்களூரிலிருந்து ‘எபிக்’ என்னும் உலாவி வந்தது. 2023இல் சென்னையைச் சேர்ந்த சோஹோ நிறுவனம் ‘உலா’ என்னும் தமிழ்ப் பெயரிலேயே ஓர் உலாவியை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்திய அரசின் மின்னணு அமைச்சகம் இந்திய உலாவிக்கான போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் அப்போட்டியில் சோஹோ முதற் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. உலாவும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டதே. வீட்டின் சுவரும் வாசலும் நம்முடையவை, கடைக்கால் பிறருடையது. இதை இழிவாகக் கூறவில்லை. புதிதாக ஓர் எந்திரம் செய்வது அவ்வளவு பெரிய வேலை என்பதை உணர்த்தவே கூறுகிறேன்.

‘உலா’ என்ற பெயரைக் கேட்டபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நம் சிற்றிலக்கியங்களுள் உலா என்பது ஒரு வகை. ஒட்டக்கூத்தர் மூவருலாப் பாடினார். தலைவன் வீதியில் உலா வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் அவனைக் காண்பர். காண்பவர் யார், காணப்படுபவர் யார் என்பதில் அங்கே மறைவு இல்லை. இணைய வீதியிலோ உலா வருபவர் நாம். நம்மைக் காண்பவர் யார் என்பது நமக்குத் தெரியாது. நாம் எந்தக் கடை முன் நின்றோம், எந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்தோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்பவற்றை விளம்பரக்காரர்கள் மறைந்திருந்து குறித்துக்கொள்கின்றனர். இந்த மறைவான பார்வையைத் தடுக்கவும் நீட்சிகள் உதவுகின்றன. வேறு சில நீட்சிகள் அந்தப் பார்வையை மேலும் கூர்மையாக்குகின்றன. ஆகவே நீட்சியின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம்.

நீட்சியின் உள்ளே

நீட்சி என்பது உலாவியோடு ஒட்டி வாழும் ஒரு சிறு நிரல். அதில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, தன் பெயர் என்ன, தனக்கு என்னென்ன அனுமதிகள் தேவை என்று கூறும் விண்ணப்பத் தாள். இரண்டாவது, நீங்கள் திறக்கும் பக்கத்திற்குள்ளேயே புகுந்து மரத்தின் கிளைகளைத் தொடும் பகுதி. மூன்றாவது, பின்னணியில் இருந்து பக்கங்களுக்கிடையே வேலை பார்க்கும் பகுதி.

விளம்பரம் தடுக்கும் நீட்சியை எடுத்துக்கொள்வோம். பக்கம் ஒன்று எந்தெந்த முகவரிகளிலிருந்து பொருள்களை வரவழைக்கிறது என்பதைப் பார்த்து, தன் பட்டியலில் உள்ள விளம்பர முகவரிகளை மட்டும் அது மறித்துவிடுகிறது. இதைப் படித்தபோது எங்கள் சுரங்கம் நினைவுக்கு வந்தது. 1965ஆம் ஆண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் சேர்ந்து, வானத்துக் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். அவ்வளவு ஆழத்திற்கு ஏன் சென்றனர்? மேலிருந்து வரும் மற்றத் துகள்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். நல்ல வடிகட்டியின் இலக்கணம் அதுவே. வேண்டாததைத் தடுத்து வேண்டியதை விடுவது.

இந்த வடிகட்டியைப் பற்றி அண்மையில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. முன்னர் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சியே நேரில் பார்த்துத் தடுக்கலாமா விடலாமா என்று முடிவு செய்தது. கூகிள் நிறுவனம் ‘மேனிஃபெஸ்ட்’ விதிகளின் மூன்றாம் பதிப்பில் இதை மாற்றியது. நீட்சி தன் தடுப்பு விதிகளை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும்; தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். நீட்சி எல்லாவற்றையும் நேரில் பார்க்க வேண்டியதில்லையாதலால் இது பாதுகாப்பானது, விரைவானது என்பது கூகிளின் வாதம். விளம்பரத்தால் பொருளீட்டும் நிறுவனம், விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுகிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். 2024 முதல் குரோமில் பழைய விதிப்படி எழுதிய நீட்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. பலர் விரும்பிய ‘யூபிளாக் ஆரிஜின்’ அவற்றுள் ஒன்று. ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் விட்டுவைத்தது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் எந்திரங்கள் மூன்றே இருக்கும்போது, ஒரு நிறுவனத்தின் விதி உலகத்தின் விதியாகிவிடுகிறது என்பதே இதில் நாம் காண வேண்டிய பாடம்.

பாதுகாப்பு அச்சம் வெறும் சாக்கு அன்று. பக்கங்களின் தோற்றத்தை மாற்ற உதவிய ‘ஸ்டைலிஷ்’ என்னும் நீட்சி, கை மாறிய பிறகு, பயன்படுத்துவோர் சென்ற முகவரிகளையெல்லாம் திரட்டி அனுப்பியது தெரியவந்து 2018இல் நீக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020இல் புதியவர் கைக்குப் போயிற்று. தீய நிரல் கொண்டது என்று 2021 பிப்ரவரியில் கூகிள் அதை முடக்கியது. இரண்டிலும் நீட்சியை முதலில் எழுதியவர் நல்லவரே. அனுமதி கொடுத்தவர்களும் நல்லவரை நம்பியே கொடுத்தனர். ஆள் மாறினார், அனுமதி மாறவில்லை.

‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும்’ என்று ஒரு நீட்சி அனுமதி கேட்டால், அதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். வங்கிப் பக்கம், கடிதங்கள், மதிப்பெண் பட்டியல், தங்கையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கடவுச்சொல் எழுதும் பெட்டியும் மரத்தின் ஒரு கிளைதானே!

வேலைக்கு வந்த நீட்சி

இனி, என்னைத் தூங்கவிடாமற் செய்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் இணையப் பக்கம் உருவாக்கும் வேலைக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு ஒன்று வைத்தார்கள். தேர்வு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வந்த குறிப்பில், கண்காணிப்பு நீட்சி ஒன்றை உலாவியில் சேர்த்தால்தான் வினாத்தாள் திறக்கும் என்றிருந்தது. அந்நீட்சி கேட்டது மேலே சொன்ன அனுமதியையேதான். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அப்பாவின் வங்கிக் கணக்கும் தங்கையின் படிப்பும் அதில்தான்.

தேர்வு நேரத்தில் மட்டும் இயங்குமாறு அனுமதியைக் குறைக்க இயலுமா, தேர்வு முடிந்ததும் திரட்டிய செய்திகள் என்னவாகும் என்று பணிவோடு எழுதிக் கேட்டேன். ‘சேர்க்க விருப்பமில்லை எனில் தங்கள் விண்ணப்பம் கைவிடப்படும்’ என்று ஒரு வரியில் விடை வந்தது.

பக்கத்தில் இருந்த அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “உன் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இது நடந்ததுதாம்பா. கைரேகை கேட்டாங்க, ஜனம் வேலைக்கே போகல” என்றார்.

அவர் சொன்னது வரலாறு. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்களே தங்கவயலில் பெரும்பாலான தொழிலாளர்கள். 1930ஆம் ஆண்டு, தொழிலாளர்கள் தம் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வந்தபோது, அவர்கள் ஒன்று திரண்டு பல நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிற் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும், தம் உடலின் அடையாளம் பிறர் கையில் நிலையாகத் தங்கினால் பின்னால் எதற்குப் பயன்படும் என்று கேட்கத் தெரிந்திருந்தது. பட்டப் படிப்புப் படித்த நாமோ ‘சேர்’ என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறோம்.

நான் வேலைநிறுத்தம் செய்யவில்லை. எனக்கு வேலையே இல்லையே! ஆனால் உலாவியின் இயல்பை அறிந்திருந்தது உதவியது. ஓர் உலாவியில் வெவ்வேறு பயனர் கணக்குகளை அமைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கில் சேர்த்த நீட்சி மற்றொரு கணக்கின் பக்கங்களைக் காணாது. ஆகவே வெறுமையான புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் மட்டும் நீட்சியைச் சேர்த்துத் தேர்வை எழுதி, முடிந்ததும் அந்தக் கணக்கையே அழித்துவிட்டேன். தேர்வாளரை நான் ஏமாற்றவில்லை. தேர்வைக் கண்காணிக்க அவருக்கு உரிமை உண்டு. என் தங்கையின் விண்ணப்பத்தைப் படிக்க அவருக்கு உரிமை இல்லை.

தேர்வு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். வினாக்களிற் பெரும்பாலானவை, புகழ்பெற்ற ஒரு நிரல் தொகுப்பில் உள்ள கட்டளைகளின் பெயர்களைப் பற்றியவை. உலாவி எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றி ஒரு வினாவும் இல்லை. விடைத்தாள் என்னவாயிற்று என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆள் தேடும் முறை

சில திங்கள் கழித்துப் பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்திற்கு நேரில் சென்றேன். அங்கிருந்த மூத்த பெண்மணி ஒருவர், ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, “இது மெதுவாகத் திறக்கிறது. ஏன் என்று பாருங்கள். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடியும் பார்க்கலாம்” என்றார். உலாவியில் உள்ள ஆய்வுக் கருவியைத் திறந்து பார்த்தேன். திரையில் உள்ளங்கை அளவு தெரிந்த ஒரு படம், உண்மையில் சுவரளவு படமாக இறங்கிக்கொண்டிருந்தது. வேறு ஓர் இடத்தில், நாம் பக்கத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தின் அமைப்பும் மீண்டும் கணக்கிடப்பட்டது. இரண்டையும் சொன்னேன். “மூன்றாவது ஒன்று உண்டு” என்று சொல்லி அவரே காட்டினார். எழுத்துரு வந்து சேரும் வரை உரையைக் காட்டாமல் பக்கம் காத்திருந்தது.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றையும் கண்டுபிடித்த மற்றொருவருக்குக் கிடைத்தது. ஆயினும் அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டே ஊர் திரும்பியபோது என் மனத்தில் கசப்பு இல்லை. தோற்றேன், ஆனால் எதில் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே எழுத்துருக்களைப் பற்றிப் படித்தேன். முதல் தேர்வு என்னை அளந்ததாகவும் தெரியவில்லை. எனக்கு எதையும் கற்றுத் தரவும் இல்லை. இரண்டாவது தேர்வு ஒரு மணி நேரத்தில் இரண்டையும் செய்தது.

பெரிய நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் உட்கார இயலாது என்று கூறுவர். அது நியாயமான வாதமே. ஆனால் வேறு வழிகளும் உண்டு என்பதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாகத் தன் பயிற்சிப் பள்ளியில், பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைக் கல்லூரிப் பட்டம் கேட்காமல் எடுத்து, உதவித்தொகை கொடுத்து, நிரல் எழுதக் கற்பித்துப் பணியில் அமர்த்தி வருகிறது. தென்காசிப் பகுதியிலும் அலுவலகம் வைத்து நடத்துகிறது. ஆளைத் தேடி எடுப்பதோடு ஆளை ஆக்குவதும் இயலும் என்பதை அது காட்டுகிறது. எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால், விடியற்காலை ரயிலில் சிலருக்கேனும் உட்கார இடம் கிடைக்கும்.

நாம் செய்யத் தக்கவை

இனி, நண்பர்கள் கைக்கொள்ளத் தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

வேலைக்கு ஆயத்தம் செய்வோர், தொகுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன் உலாவியைக் கற்பது நலம். தொகுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. மரமும் ஒப்பனை விதியும் கணக்கிடலும் முப்பது ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றன. எந்த உலாவியிலும் ஆய்வுக் கருவி இலவசமாக இருக்கிறது. நாள்தோறும் ஒரு பக்கத்தைத் திறந்து, அது எதை வரவழைக்கிறது, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், ஆறு திங்களில் கண் திறக்கும். செய்த பக்கத்தைக் குரோமில் மட்டும் பார்த்து நிறுத்தாமல் ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் பார்க்கும் பழக்கம் வரட்டும். தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்றும் பார்க்கட்டும்.

உலாவியைப் பயன்படுத்துவோர் அனைவரும் இன்றே ஒரு காரியம் செய்யலாம். நீட்சிகளின் பட்டியலைத் திறந்து, பெயர் நினைவில்லாதவற்றை நீக்கிவிடுங்கள். மற்றவற்றின் அனுமதியைப் படியுங்கள். ‘எல்லாத் தளங்களிலும்’ என்பதை ‘சொடுக்கும்போது மட்டும்’ என்றோ ‘இந்தத் தளத்தில் மட்டும்’ என்றோ குறைக்கும் வசதி குரோமில் உண்டு. தேர்வுக்கென எவரேனும் நீட்சி கேட்டால் தனிக் கணக்கில் சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வேலைத் தேர்வுக்கு முன் மாணவர் தனியாக நின்று நிறுவனத்திடம் கேள்வி கேட்டால் ஒரு வரி விடைதான் கிடைக்கும். பல்கலைக் கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவும் மாணவர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் நிறுவனங்கள் செவி சாய்க்கும். என்ன திரட்டுகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், தவறியவருக்குக் காரணம் சொல்வீர்களா என்னும் மூன்று கேள்விகளே போதும். சொந்தக் கணினி இல்லாதோர் தேர்வு எழுத, சங்க அறையில் ஒரு பொதுக் கணினியையும் வைக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய எண்ணியிருக்கிறேன்.

1930இல் எங்கள் ஊரார் ஒருவர் ஒருவராகச் சென்று கேட்டிருந்தால், ஒருவர் ஒருவராகத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். நாம் படித்தவர்கள், அனுமதித் தாளில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள். படித்துவிட்டுச் சேர்ந்து கேட்போம்.